பிசியோ வரவில்லை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம், நடக்கப் பழக்க பிசியோ கொண்டுவந்த வாக்கரை அப்பா கையால் தள்ளிவிட்டதோடு நிறுத்தியிருந்தோம். காலால் உதைத்திருப்பார், உதைக்கிற அளவுக்குக் காலில் வலு இருந்திருந்தால் இவ்வளவு கதையே தேவைப்பட்டிருக்காது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். அப்பா முப்பத்தாறு வருடம் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவர். வயது எழுபத்தெட்டு. நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்றோடு பதின்மூன்று நாள். மகள், வீட்டுக்குப் பெரியவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை அப்பாவின் கட்டிலருகே அவள் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு மேல் தம்பி. அவன் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவன். கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்துப் பயந்து பயந்து, பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருந்தால்கூட அவன் வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். வீட்டில் அவனுக்குப் பிரேக் என்றுதான் பெயர்.

அப்புறம் அந்த நோட்டு. வீட்டில் யார் படுத்தாலும் பம்ப் ஹவுஸ் வழக்கப்படி ஒரு ஷிஃப்ட் நோட்டு போட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். ஆள் மாறும்போது நடந்ததை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பலாம். பம்ப் ஹவுஸில் ஒரு ஆபரேட்டர் எழுதக்கூடிய உயர்ந்த வாசகம் ‘எல்லாம் நார்மல், எதுவும் நடக்கவில்லை’ என்பது. பிள்ளைகள் இரண்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. ‘நாலரை மணி நேரம் அசையாமல் தூங்கினார்’ என்று பெரியவள் எழுதினால், ‘ஐந்தே கால் மணி நேரம்’ என்று எழுதிவிட்டு பிரேக் மீசையைத் தடவிக்கொள்வான். இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு அந்த மனிதரைப் படுக்க வைத்தார்கள். பாசத்தில் செய்ததுதான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் பன்னிரண்டு நாள்.

இன்று காலை எட்டரைக்கு வார்டு டாக்டர் வந்தார்.

“கிருமி போயிடுச்சு. ரத்தத்துல அழற்சி அளவு நூத்தி எண்பதுல இருந்தது, இன்னைக்குப் பதினாலு. நுரையீரலும் சுத்தம்,” என்றார்.

பெரியவள் சிரிக்கப் போனாள். டாக்டர் சிரிக்காமல் போர்வையை அப்பாவின் தொடைவரை விலக்கினார்.

பெரியவள் அந்தக் கால்களைப் பார்த்தாள். தினமும்தான் துடைத்துவிடுகிறாள், ஆனால் துடைக்கிறபோது யாரும் பார்ப்பதில்லை. தொடையின் சதை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கெண்டைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பின் ஓரம் தெரிந்தது. இந்தக் கால்களை அவள் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். ஆனால் அவை அப்பாவுடையவை அல்ல.

“உடம்பு கிருமியோட சண்டை போடுது பாருங்க, அந்தச் சண்டைக்குத் தீனி தசையிலிருந்து போகுது. வயசானவங்களுக்கு இன்னும் வேகமாப் போகும். அதோட படுத்தே கெடந்தா மிச்சம் இருக்கறதும் கரைஞ்சிடும். சண்டை முடிஞ்சிடுச்சு. ஆனா இவர் நிக்கறாரான்னு பாக்கணுமே.”

“நின்னுடுவார் டாக்டர். வீட்டுக்குப் போனா...”

“வீட்டுக்கு இப்படியே அனுப்ப முடியாது. கீழ பயிற்சி வார்டுல ஒரு கட்டில் காலி. இன்னைக்கு ரெண்டு மணிக்கு லிஸ்ட் மூடிடுவோம். அதுக்குள்ள பிசியோ அவரை நிக்க வச்சு, ரெண்டு அடி நடந்தார்னு எழுதிக் குடுத்தா அந்தக் கட்டில் இவருக்கு. மூணு வாரம் பயிற்சி, அப்புறம் வீடு. இல்லைன்னா நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் எழுதணும். அங்க நல்லாப் பாத்துப்பாங்க. ஆனா எழுப்பி நடத்த ஆள் கிடையாது.”

கட்டிலில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. “அந்தப் பொம்பளை வேண்டாம்.”

“ஐயா, இந்த மாடிக்கு அவங்க ஒருத்தர்தான் பிசியோ.”

“என் பொண்டாட்டியை அனாதையா விட்டவ. நாலு நாள் வரவே இல்லை. அவ கை என் மேல படக்கூடாது.”

அவ்வளவு சொன்னதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் பெரியவளைப் பார்த்து, “பேசிப் பாருங்க. ரெண்டு மணி,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

இனி நான் ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

இதே ஆஸ்பத்திரி, இதே வார்டு. இரண்டு கட்டில் தள்ளி, ஜன்னலோரக் கட்டில் அம்மாவுடையது. சிறுநீர்த் தொற்று என்று சொல்லி, தன் செருப்பைப் போட்டுக்கொண்டு தானே நடந்து வந்த அம்மா. பகல் ஷிஃப்ட் அப்போதும் பெரியவள்தான். மூன்றாவது நாள் காய்ச்சல் தணிந்ததும் அம்மா கேட்டாள்: “என்னைக் கொஞ்சம் எழுப்பி விடேன்மா. ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்து படுத்துக்கறேன்.” பெரியவள் கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்திவிட்டு, பேசாமல் படும்மா என்றாள். பத்தொன்பதாவது நாள் அம்மா போய்விட்டாள். கடைசிப் பத்து நாள் அவளால் உட்காரக்கூட முடியவில்லை.

நோய் காலை வாங்கிவிட்டது என்றுதான் வீட்டில் பேச்சு. அதற்கு மேல் அப்பாவிடம் ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. நடக்க வைக்க வேண்டிய பிசியோ நாலு நாள் வரவேயில்லை என்று நோட்டில் இருந்ததைக் காட்டி, ஆஸ்பத்திரி ஆபீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டு வந்தார். அந்த நாலு நாளும் ‘பிசியோ வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவள் பெரியவள்.

பிசியோ வந்திருந்தாள்.

இந்த ஐந்து வருடமும் பெரியவளுக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கடையில் லென்ஸ் தேய்க்கிற யந்திரத்தை நிறுத்துவாள். சத்தம் அடங்குகிற அந்த ஒரு கணத்தில், தோளுக்குப் பின்னாலிருந்து, ‘என்னைக் கொஞ்சம் எழுப்பி விடேன்மா.’ கெஞ்சலாகவோ கோபமாகவோ இருந்தாலாவது பரவாயில்லை. சாதாரணமாக, அந்தத் துணியை எடுத்துக் கொடேன் என்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். யந்திரத்தை நிறுத்தாமலே அடுத்த லென்ஸை எடுக்கப் பழகிக்கொண்டாள். முதலாளி மின்சாரக் கட்டணத்துக்காகத் திட்டுகிறார்.

இந்தப் பதின்மூன்று நாளும் அந்த ஜன்னல் பக்கம் அவள் முகத்தைத் திருப்பவில்லை. இன்று அந்தக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு மாற்றி, தலையணையைத் தட்டி வைத்திருந்தார்கள். பார்க்காமலே அவளுக்கு அது தெரிந்தது.

ஒன்பதரைக்கு பிசியோ வார்டுக்கு வெளியே நடையில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பதைத் தொட்ட, ஒல்லியான பெண். சட்டைப் பையில் இன்ச் டேப். பெரியவள் அவளிடம் போனாள்.

“மேடம், அப்பா பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்க.”

“உங்க அப்பா மேல எனக்குக் கோபமே இல்லை. அவர் படிச்சதை அவர் நம்பறார்.”

“என்னை ஞாபகம் இருக்கா?”

“முதல் நாளே தெரிஞ்சுகிட்டேன். வாயில விரலை வச்சு ‘ஷ்’னு என்னை அனுப்பினவங்களை மறப்பேனா?”

“அம்மா தூங்கிட்டிருந்தாங்க.”

“முதல் நாள் தூங்கினாங்க. மத்த நாளெல்லாம் முழிச்சிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு நாள் உங்க தோளுக்குப் பின்னாடியிருந்து எனக்குக் கையை நீட்டினாங்க. நீங்க பாக்கலை.”

நடையில் ஒரு தள்ளுவண்டி போனது. பெரியவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். வண்டி போன பிறகும் சுவரை விட்டு வரவில்லை.

“நீங்க ஏன் அப்ப சொல்லலை?”

“சொன்னேன். ஆபீஸ்ல ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் மனைவியைப் பறிகொடுத்த மனுஷன், கையில நோட்டு. யாரை நம்புவாங்க? மெமோ குடுத்து ரெண்டு வருஷம் வேற கட்டடத்துக்கு மாத்தினாங்க. போகட்டும், அது பழசு. இப்ப இவருக்கு என்ன செய்யறதுன்னு சொல்லுங்க.”

“நான் எழுப்பியிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்களா?”

கேள்வியைத் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை பிசியோ.

“தெரியாது. அவங்களுக்கும் உள்ள அழற்சி அதிகமாத்தான் இருந்தது. நான் தினமும் நடக்க வச்சிருந்தாலும் கால் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். உங்களைச் சமாதானப்படுத்த நான் பொய் சொல்ல மாட்டேன். என்னைப் பத்திச் சொன்ன பொய்யே போதும்.”

இதற்கு மேல் சொல்ல வேண்டியது அப்பாவிடம் என்று பெரியவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? பிசியோ இல்லாமலே தானே அப்பாவை எழுப்பி நிற்க வைத்துவிடலாம் என்று பார்த்தாள். உண்மையைச் சொல்வதைவிட எழுபத்தெட்டு வயது மனிதரைத் தூக்குவது சுலபமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவள் மேல் பரிவு உண்டு, ஆனால் இந்த இடத்தில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

பதினொரு மணிக்கு அவித்த முட்டை இரண்டு வந்தது. அப்பா வெள்ளைக்கருவை ஒதுக்கி வைத்தார். தசைக்கு அதுதான் வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும் பாதியைத் தின்றார். பெரியவள் பக்கக் கம்பியை இறக்கினாள்.

“அப்பா, நாமளே நிக்கலாம் வாங்க. என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க.”

“எதுக்கு? விடும்மா.”

“நீங்க வேண்டாங்கறவங்களைக் கூப்பிடலை. நான் மட்டும்தான். வாங்க.”

அவர் ஒப்புக்கொண்டார். மகள் சொன்னால் ஒப்புக்கொள்வார், அதுதான் இதில் கொடுமை. அவள் அவரைக் கட்டிலின் விளிம்புக்கு இழுத்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அரையடி எழுந்தார். பிறகு இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் விட்டுப்போயின. பாதம் வழுக்க, முழு உடம்பும் அவள் மேல் சாய்ந்தது. அவளும் சேர்ந்து தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் தலை அவள் நெஞ்சில் இடித்து நின்றது.

மூன்றாம் கட்டில் கிழவர் போட்ட சத்தத்தில் இரண்டு நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். அடி எதுவும் இல்லை. “இடுப்பு உடைஞ்சிருந்தா யார் பதில் சொல்றது? தூக்கத் தெரியாதவங்க ஏன் தூக்கறீங்க?” என்று நர்ஸ் பொரிந்து தள்ளினாள். அவரைக் கட்டிலில் ஏற்றிப் போர்த்திவிட்டு, பக்கக் கம்பியைச் சடக்கென்று உயர்த்தினாள். அந்தச் சத்தம் கேட்டு பெரியவளுக்கு உடம்பு ஒருமுறை குலுங்கியது.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“உங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு,” என்றார். “கால் போச்சு, அப்புறம் ஆள் போச்சு. எனக்கு வரிசைக்கிரமமா வந்திட்டிருக்கு. விட்டுடும்மா. அந்த இல்லத்துக்கே எழுதச் சொல்லு. அங்க படுத்துக்கறேன், அதிக நாள் ஆகாது.”

“அப்படிச் சொல்லாதீங்கப்பா.”

“நான் பயப்படலை. அவளுக்கு நடந்தது எனக்கும் நடக்குது, அவ்வளவுதான்.”

பன்னிரண்டே முக்கால். பெரியவள் கட்டிலோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலோரக் கட்டிலில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ புரண்டு படுக்கிற சத்தம். அங்கே ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். தலையணை தட்டி வைத்தபடியே இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

“அப்பா, அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கலை. அம்மா விஷயம் வேற.”

“என்ன வேற?”

“பிசியோ வந்தாங்கப்பா.”

“எப்ப?”

“அம்மாவுக்கு. நாலு நாளும் வந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன். அம்மா களைச்சுப் போயிருக்காங்க, தொந்தரவு வேண்டாம்னு நெனைச்சேன். நீங்க சாயங்காலம் வந்து நோட்டைப் பார்ப்பீங்க. திருப்பி அனுப்பினேன்னு எழுதினா ஏன்னு கேப்பீங்க. அதனால வரலைன்னு எழுதினேன். முதல் நாள் பயந்துகிட்டுத்தான் எழுதினேன். அப்புறம் பழகிடுச்சு.”

மூன்றாம் கட்டில் கிழவர்கூட இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

“நாலு தடவையா?”

“ஆமாம்பா.”

“நாலு தடவையும் கையெழுத்துப் போட்டே?”

“போட்டேன்.”

முப்பத்தாறு வருட சர்வீஸில் ஒரே ஒரு ஆளைத்தான் அப்பா மேலதிகாரிக்கு எழுதிக்கொடுத்து வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார். குளோரின் போடாமல் போட்டதாக எழுதியவன். அந்தக் கதையை இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பிடும்போதெல்லாம் சொல்லி வளர்த்தவர் அவர். இப்போது பக்கக் கம்பியைப் பிடித்து, தன் உடம்பைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக்கொண்டார்.

“அந்தம்மாவைக் கூப்பிடு,” என்றார்.

பிசியோ வாக்கரோடு வந்து நின்றாள். அப்பா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

“தப்பா எழுதிக் குடுத்துட்டேம்மா. எனக்கு இப்பத்தான் தெரியும்.”

“பரவாயில்லைங்க ஐயா. முதல்ல உக்காருங்க. அவசரம் வேண்டாம்.”

அவள் அவரைக் கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் விட்டாள், தலை சுற்றுகிறதா என்று பார்த்தாள். பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்தாள். இடுப்பில் பட்டையைக் கட்டினாள். பெரியவள் தூக்கியதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம். பிசியோ தூக்கவே இல்லை.

“மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வரணும். முன்னால சாயுங்க. ம். இப்ப எழுங்க.”

முதல் தடவை எழவில்லை. இரண்டாவது தடவை தொடை உதறியதோடு சரி, எழ முடியவில்லை. “போதும், சாயங்காலம் பாக்கலாம்,” என்று பெரியவள் வாய் தவறிச் சொன்னாள். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது தடவை எழுந்தார்.

கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. வாக்கரின் பிடியை அவர் நெரித்த நெரிப்பில் விரல்கள் வெளுத்தன. பிசியோ எண்ணினாள். ஐந்து, ஆறு. அப்பா நின்றபடியே ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“அவ கேட்டாளா?” என்றார்.

பெரியவளுக்குப் புரிந்தது. புரியாதது மாதிரி கேட்டாள், “என்னப்பா?”

“எழுந்திருக்கணும்னு. அவ கேட்டாளா?”

ஒன்பது, பத்து என்றாள் பிசியோ. இல்லை என்ற சொல் பெரியவளுக்கு வாய்வரை வந்தது. ஒரு சொல்தான், யார் மறுக்கப் போகிறார்கள்.

“கேட்டாங்கப்பா. தினமும் கேட்டாங்க.”

அப்பா ஒரு காலை நகர்த்தினார். பிறகு மற்றதை. பிசியோ பின்னால் நாற்காலியைக் கொண்டுவந்து வைக்க, அதில் உட்கார்ந்தார். வேர்வை நெற்றியிலிருந்து ஓடியது. அழுதாரா என்று கேட்காதீர்கள். வேர்வையோடு சேர்ந்து எது ஓடியது என்று எனக்குத் தெரியாது.

ஒன்றே முக்காலுக்கு டாக்டர் அவர் பெயரைப் பயிற்சி வார்டு லிஸ்டில் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு மணிக்குப் பிரேக் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். பதின்மூன்று நாளாகப் படுக்கையிலேயே பார்த்த அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நின்னாரா?”

“நின்னார். ரெண்டு அடி நடந்தார். கீழ கட்டில் கிடைச்சாச்சு,” என்றாள் பிசியோ.

பிரேக் வாயெல்லாம் பல்லாக அக்காவிடம் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். “எப்படிக்கா சம்மதிக்க வச்சே? நான் மூணு நாளாத் தொண்டை கிழியக் கத்தினேன், மனுஷன் அசையலையே. நீ நீதான்.”

பெரியவள் தன் தோளிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டாள்.

“நாளையிலிருந்து ரெண்டு ஷிஃப்டும் நீயே பாரு,” என்றார் அப்பா அவனிடம். “முடியலைன்னா ஆள் வச்சுக்கோ. இவ வர வேண்டாம்.”

“என்னப்பா பேசறீங்க? ஏன்?”

“வர வேண்டாம்னா வர வேண்டாம்.”

“நல்லா இருக்கே நியாயம். அக்காதானேப்பா உங்களை எழுப்பி விட்டா?”

அப்பா தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“ஆமா,” என்றார். “என்னை எழுப்பினா.”

பெரியவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பிரேக் அப்பாவைப் பார்த்தான், பிசியோவைப் பார்த்தான். பிசியோ வாக்கரை மடித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஓடிவந்து வழியை மறித்து நின்றான்.

“என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போக்கா,” என்றான்.